ஐடா வெல்சின் நூல்களும் வரலாற்றுச் சான்றும்

இதழாளர் எழுத்து அன்றன்று தோன்றி அன்றன்றே மறையும் இயல்பினது என்பர் சிலர். அதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளத் தயங்குவாரும் உளர். இக்கருத்து எல்லார்க்கும் பொருந்துமா என்பதனை, அமெரிக்க நாட்டுக் கறுப்பின இதழாளராகிய ஐடா வெல்சு அம்மையாரின் நூல்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

அம்மையார் 1862-ஆம் ஆண்டு மிசிசிப்பி மாநிலத்தில் அடிமைப்பட்டிருந்த பெற்றோர்க்குப் பிறந்தார். 1878-இல் பெற்றோரைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்து, ஆசிரியப் பணியால் உடன்பிறந்தாரைக் காத்தார். பின்னர் மெம்பிசு நகரில், 'கட்டற்ற பேச்சு' எனப் பொருள்படும் பெயருடைய இதழின் ஆசிரியராகவும் பங்குதாரராகவும் விளங்கினார்.

1892 மார்ச்சுத் திங்களில், அந்நகரில் மளிகைக்கடை நடத்திய கறுப்பினத்தார் மூவரைக் கும்பலொன்று சிறையினின்றும் இழுத்துச் சென்று சுட்டுக் கொன்றது. அவருள் தாமசு மாசு என்பார் அம்மையாரின் நண்பர். இத்தகைய கொலைகள், பெண்டிர்மாட்டு வன்முறை புரிந்தார்மீது எழுந்த சினத்தால் நிகழ்வன என்னும் பேச்சினை அதுகாறும் அம்மையாரும் ஒருவாறு நம்பியிருந்தார். இம்மூவர்மீதோ அப்பழி இல்லை; வெள்ளை வணிகர் ஒருவர்க்குப் போட்டியாயிருந்தமையே பகைக்கு வித்தாயிற்று. அப்பேச்சுப் பொய்யென அவர் மே திங்களில் எழுதினார். அவர் வெளியூர் சென்றிருந்த வேளையில் இதழ் அலுவலகம் அழிக்கப்பட்டது. அதன்பின் அவர் மெம்பிசில் வாழ இயலவில்லை.

அவ்வாண்டே வெளிவந்த 'தென்னாட்டுக் கொடுமைகள்' என்னும் சிறுநூலில், சிகாகோ திரிபியூன் நாளிதழ் தொகுத்த கணக்கை அவர் எடுத்தாள்கிறார். எட்டாண்டுகளிற் கொல்லப்பட்ட கறுப்பினத்தார் 728 பேர். அவருள் மூன்றில் ஒரு பங்கினர்மீதே அப்பழி சுமத்தவும் பட்டது. 1895-இல் வந்த 'சிவப்புப் பதிவேடு', கொல்லப்பட்டார் பெயர், நாள், இடம், சுமத்திய குற்றம் ஆகியவற்றை நிரல்படத் தருகிறது. நியூ ஆர்லியன்சுக் கலகம் பற்றிய 1900-ஆம் ஆண்டு நூலும் அந்நகர நாளிதழ்ச் செய்திகளையே பெரிதும் சார்ந்தது. தம்மவர் கூற்றை விடுத்து மாற்றார் கூற்றைச் சான்றாக்கியது ஏன்? கறுப்பினத்தார் சொல்லை வெள்ளையர் ஐயுறுவர். தம் நாளிதழ் அச்சிட்டதை மறுத்தல் அவர்க்கு அரிது.

எனினும் இம்முறைக்கும் எல்லை உண்டு. மாற்றார் ஏடு பொய்யே உரைப்பின் என் செய்வது? 1919-இல் ஆர்க்கன்சா மாநிலத்தில், பருத்திக்கு நேரிய விலை கோரிச் சங்கம் அமைத்த கறுப்பின உழவர் பலர் கொல்லப்பட்டனர். செய்தித்தாள்கள் அதனை உழவர் கிளர்ச்சி என்றன. உழவர் பன்னிருவர்க்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அம்மையார் உறவினர் போலச் சிறைக்குள் சென்று, அவர்தம் வாய்மொழியையே கேட்டு, 1920-இல் நூலாக்கினார். அப்பன்னிருவரும் பின்னர் உயிர் தப்பி விடுதலை பெற்றனர்.

அம்மையார் நடுநிலையாளர் அல்லர் என்பாரும் உளர். தம் நண்பரை இழந்தவர் நொதுமலராய் எழுதுதல் இயலாது என்பது உண்மையே. ஆயினும் பரிவு வேறு, சான்று வேறு. அவர்தம் முடிபை ஏலாதாரும் அவர் தந்த பட்டியலை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தல் கூடும். வரலாற்று நூற்கு இதனினும் வேறு இலக்கணம் வேண்டுமோ?

1931-இல் மறைந்த அம்மையாரின் தன்வரலாறு, மகளார் பதிப்பாக 1970-இலேயே வெளிவந்தது. புலிட்சர் குழுவின் சிறப்புப் பாராட்டு 2020-இல் வழங்கப்பட்டது. கும்பற்கொலையைத் தனிக்குற்றமாக்கிய கூட்டாட்சிச் சட்டம் 2022-இலேதான் நிறைவேறியது. காலம் தாழ்த்தது நாடே; சான்று 1892-இலேயே அச்சேறி விட்டது. ஆதலின் இதழாளர் எழுத்தென ஒதுக்கற்பாலன அல்ல இந்நூல்கள் என்பதே எம் துணிபு.