மின்சாரமா, இரசாயனமா? நரம்பின் மொழியைக் கண்டவர்

சூடான பானையில் விரல் பட்டதும் கையை வெடுக்கென இழுத்துக்கொள்கிறோம். அந்தக் கண நேரத்தில் விரலிலிருந்து முதுகுத் தண்டுவடத்துக்குச் செய்தி போய், தசைக்குக் கட்டளையும் வந்து விடுகிறது. இந்தத் தபாலைச் சுமப்பவை நரம்பணுக்கள். அவை எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதை அறிய மனிதனுக்கு நூறாண்டுகளுக்கு மேல் ஆனது.

தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதை இத்தாலியரான கல்வானி 1791இல் உலகுக்குச் சொன்னார். 1850இல் ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ், தவளையின் நரம்பில் செய்தி விநாடிக்குச் சுமார் 27 மீட்டர் வேகத்தில் ஓடுவதை அளந்தார். கம்பியில் ஓடும் மின்சாரத்தைவிட இது மிகவும் மெது. நரம்பணுவின் மேலுறையில் சோடியம் உள்ளே புக, பொட்டாசியம் வெளியேற, மின்னலை இடம்விட்டு இடம் நகர்வதே காரணம். இதனை ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் விளக்கினர்.

ஆனால், இன்னொரு புதிர் இருந்தது. நரம்பணுக்கள் வலைபோல் ஒட்டியிருக்கவில்லை, ஒவ்வொன்றும் தனித்தனி என்று ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ கஹால் 1888இலேயே காட்டிவிட்டார். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. அந்த இடைவெளியைச் செய்தி தாண்டுவது எப்படி?

விடை ஒரு கனவில் கிடைத்தது! ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பேராசிரியராக இருந்த ஓட்டோ லோவி, ஓர் ஈஸ்டர் கால இரவில் விழித்தெழுந்து எதையோ கிறுக்கி வைத்தார். காலையில் அவர் கையெழுத்து அவருக்கே புரியவில்லை. மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே எண்ணம் மீண்டும் வந்தது. இம்முறை அவர் நேரே ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார்.

இரண்டு தவளை இதயங்களை உப்புக் கரைசலில் துடிக்கவிட்டார். முதல் இதயத்தின் நரம்பைத் தூண்டினார், துடிப்பு தளர்ந்தது. அதிலிருந்த கரைசலை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். நரம்பே இல்லாத அந்த இதயமும் தளர்ந்தது! ஆக, நரம்பின் முனை ஓர் இரசாயனப் பொருளைச் சுரக்கிறது. 1921இல் வெளியான இந்த ஆய்வுக்காக, ஹென்றி டேலுடன் அவர் 1936இல் நோபல் பரிசு பெற்றார். அப்பொருளே அசிட்டைல்கோலின்.

வேலை முடிந்ததும் அசிட்டைல்கோலினை ஒரு நொதி சிதைத்துவிட வேண்டும். 2017இல் கேஎல்ஐஏ 2 விமான நிலையத்தில் கிம் ஜோங் நாம் உயிரைப் பறித்த விஎக்ஸ் நஞ்சு, அந்த நொதியைத்தான் முடக்கியது. மறதி நோய்க்குத் தரும் டொனெபெசில் மாத்திரையோ அதே நொதியை அளவோடு தடுத்து நோயாளிக்கு உதவுகிறது.

இந்த அறிவைத் தந்தவருக்குக் கிடைத்தது என்ன? 1938 மார்ச்சில் ஆஸ்திரியா நாஜிகளின் கைக்குப் போன இரவிலேயே, யூதரான லோவி சிறைபிடிக்கப்பட்டார். கொல்லப்படுவோம் என்று அஞ்சிய அந்த 64 வயது மனிதர், காவலரிடம் கேட்டது ஓர் அஞ்சலட்டை! தம் கடைசி ஆய்வின் முடிவை அதில் எழுதி, ஓர் அறிவியல் இதழுக்கு அனுப்பச் சொன்னார். நோபல் பரிசுப் பணத்தை நாஜிகளிடம் ஒப்படைத்த பின்பே அவரால் நாட்டை விட்டு வெளியேற முடிந்தது. 1961இல் நியூயார்க்கில் மறைந்தார்.

பணம் பறிபோனது. அவர் கண்ட உண்மையோ இன்றும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் நமக்குப் பயன்படுகிறது.