பாதியாக்கும் கணக்கு: ஆசாரியர்களின் எண்ணறிவு

ஆகமம் ஏட்டில் ஏறிய நன்னாளாகச் சுருத பஞ்சமியைக் கொண்டாடுகிறோம். கிர்நார் மலைக் குகையில் தரசேன ஆசாரியரிடம் பாடம் கேட்ட புஷ்பதந்தரும் பூதபலியும் ஷட்கண்டாகமத்தை இயற்றினர். அவ்விருவருள் பூதபலி ஆசாரியர் தமிழ்நாடு நோக்கி வந்தார் என்பது மரபு. அந்நூலுக்கு வீரசேன ஆசாரியர் கி.பி. 816இல் நிறைவு செய்த பேருரையே தவளா. வினைக் கோட்பாட்டை விளக்கும் அவ்வுரையில், நம் பிள்ளைகள் நடுநிலைப் பள்ளியில் பயிலும் கணக்கின் வேர் ஒன்றும் பொதிந்துள்ளது.

உயிர்களின் தொகை, உலகின் பரப்பு, காலத்தின் நீட்சி ஆகியவற்றை அளந்துரைக்க வேண்டியிருந்தமையால் ஆசாரியர்கள் பேரெண்களை ஆண்டனர். எண்களைச் சங்க்யாதம், அசங்க்யாதம், அனந்தம் எனப் பகுத்தனர். எண்ணத்தக்கவற்றுள் மிகச் சிறியது இரண்டு என்றனர். இயல் எண்கள் ஒன்றிலும் முழு எண்கள் சுழியிலும் தொடங்கும் என்று கற்கும் மாணவருக்கு இதனையும் கூறினால், எண்ணுதல் என்பது யாது என்னும் வினா தானே எழும்.

ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்பதை வீரசேனர் அர்த்தச்சேதம் என்றார். 16ஐ நான்கு முறையும் 32ஐ ஐந்து முறையும் பாதியாக்கலாம். அவற்றின் பெருக்கலான 512இன் அர்த்தச்சேதம் 4உம் 5உம் சேர்ந்த 9 ஆகும். பெருக்கலைக் கூட்டலாக்கும் இவ்விதி தவளாவிலேயே உள்ளது. இன்று இதனை 2ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை என்கிறோம். அனுயோகத்வார சூத்திரமும் மனிதர் தொகையை 96 முறை பாதியாக்கத்தக்க எண் என்று சுட்டுகிறது. அதனை விரித்தெழுதினால் 29 இலக்கங்கள் வரும்.

இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த மகாவீராசாரியர் கணித சார சங்கிரகத்தில் மற்றொரு வழியைத் தந்தார். ஓர் எண்ணைப் பன்முறை தன்னாலேயே பெருக்க வேண்டுமாயின், எத்தனை முறை என்னும் தொகை இரட்டையானால் பாதியாக்கிச் சுழி இடுக. ஒற்றையானால் ஒன்றைக் கழித்து ஒன்று இடுக. பதின்மூன்று இரண்டுகளைப் பெருக்குவதாகக் கொள்வோம். 13 ஒற்றை, 1 இடுக. 12 இரட்டை, 0. 6 இரட்டை, 0. 3 ஒற்றை, 1. 2 இரட்டை, 0. எஞ்சிய 1 ஒற்றை, 1. இனிக் கடைசிக் குறியிலிருந்து மேலே வருக. 1 உள்ள இடத்தில் இரண்டால் பெருக்குக. 0 உள்ள இடத்தில் வர்க்கமாக்குக. 2, 4, 8, 64, 4096, 8192 என ஆறே படிகளில் விடை கிட்டுகிறது. 13ஐ இரும எண்ணாக 1101 என்று எழுத மாணவர் இரண்டால் வகுத்து மீதிகளைக் கீழிருந்து மேலாக எடுப்பதும் இதனோடு ஒத்த செயலே.

இந்நூலை மு. ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, அது 1912இல் சென்னையில் அச்சேறியது.

ஆயினும், கணிப்பொறியை நம் முன்னோரே கண்டனர் என்று பிள்ளைகளிடம் சொல்லுதல் தகாது. மகாவீராசாரியரின் சுழியும் ஒன்றும் பெருக்கலுக்கு வழிகாட்டும் குறிகள். எண்களை எழுதும் முறை அன்று. இவ்வழிக்குப் பிங்கலரின் யாப்பு நூல் முன்னோடி. 0, 1 என்னும் இரண்டை மட்டும் கொண்டு எண்களை எழுதிக் கணக்கிடும் முறையை விளக்கி லைப்னிட்ஸ் 1703இல் வெளியிட்டார். மேலும், சுழியால் வகுக்கப்பட்ட எண் மாறாது நிற்கும் என்று மகாவீராசாரியர் எழுதியதை இன்றைய கணிதம் ஏற்பதில்லை. இதனை மறைப்பதால் அவர் பெருமை வளராது, கூறுவதால் குறையாது. உள்ளதை உள்ளவாறு அறிவதே நன்ஞானம் என்று கற்றவர்கள் நாம். மிகைப்படுத்திய பெருமையைக் கேட்டு வளரும் பிள்ளை, வகுப்பில் ஒருவர் மறுத்துரைத்த அன்றே உண்மையான பெருமையையும் ஐயுறத் தொடங்கும்.

சுருத பஞ்சமியன்று சாத்திரங்களை வணங்கிய பின், வீட்டுப் பிள்ளைகளை அருகிருத்தி மேற்கண்ட கணக்கைத் தாளில் செய்து காட்டுங்கள். அடுத்து 25 இரண்டுகளை அவர்களே பெருக்கட்டும். எத்தனை படிகளில் விடை வந்தது என்று கேளுங்கள்.