டாக்டர் போட்ட பிசிக்ஸ் லேப்

சித்தி பொண்ணு பி.எஸ்.சி. விலங்கியல் படிக்கிறாள். போன வாரம் போனில் ஒரே புலம்பல். "அண்ணா, நான் தவளையைப் படிக்க வந்தவ. எனக்கெதுக்கு இந்த ப்யூரெட்டும் ஸ்டாப் வாட்ச்சும்?"

தண்ணீரின் பாகியல் எண் கண்டுபிடிக்கும் சோதனை. ப்யூரெட் அடியில் மெல்லிய கண்ணாடிக் குழாயை மாட்டி, ஒவ்வொரு 5 மில்லி இறங்கவும் எவ்வளவு நேரம் என்று குறிக்கணும். "சிலபஸ்ல இருக்கு, பண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்ஜினியரிங் முதல் வருஷம் நான் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் போட்ட அதே சோதனை. வேறென்ன சொல்ல? :-)

அப்புறம் மனசு கேட்காமல் தேடிப் படித்தால், அட! அந்தச் சமன்பாட்டுக்குச் சொந்தக்காரரான பாய்சொய் ஒரு டாக்டருங்க.

1797ல் பாரிஸில் பிறந்தவர். 1815ல் எகோல் பாலிடெக்னிக்கில் சேர்ந்து கணக்கும் இயற்பியலும் படித்தார். அடுத்த வருஷமே அரசியல் தகராறில் அரசு கல்லூரியை இழுத்து மூட, மனுஷன் மருத்துவம் பக்கம் போனார். 1733ல் ஸ்டீபன் ஹேல்ஸ், குதிரையின் ரத்தக்குழாயில் நீளமான கண்ணாடிக் குழாயைச் செருகி, ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறியதைக் காட்டியிருந்தார். பாய்சொய் 1828ல், தன் மருத்துவ ஆய்வேட்டுக்காக, பாதரசம் நிரப்பிய U வடிவக் குழாயால் விலங்குகளின் ரத்த அழுத்தத்தை அளந்தார். பாதரசம் ரொம்பக் கனம், அதனால் சின்னக் குழாயே போதும். இன்றைக்கும் பி.பி. 120 என்றால் அது பாதரச மில்லிமீட்டர் கணக்குதான்.

அடுத்த கேள்வி: நுண்ணிய ரத்தக்குழாயில் ரத்தம் எப்படி ஓடுது? ரத்தம் உறையும், இழுக்கும். அதனால் தண்ணீரைத் தலைமுடி மாதிரியான கண்ணாடிக் குழாய்களில் ஓடவிட்டு, 1838லிருந்து வருஷக்கணக்கில் அளந்தார். முழு அறிக்கை 1846ல் வந்தது. கிடைத்த விடை: ஓட்டம் ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. அதே அழுத்தத்தில் ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்கு! ரத்தக்குழாயில் கொஞ்சம் கொழுப்பு படிந்தாலே ஏன் வம்பு என்பது இதில் புரியும். (ரத்தம் தண்ணீர் மாதிரி எளிய திரவம் இல்லை, ஆனாலும் கணக்கின் ஆரம்பம் இதுதான்.)

ஆக, உயிரைப் புரிந்துகொள்ளப் பிறந்த சோதனை இது. நாம்தான் உயிரை உருவிவிட்டு ப்யூரெட்டை மட்டும் வைத்துக்கொண்டோம். அமெரிக்காவில் 2010ல், ஹோவர்ட் ஹ்யூஸ் மருத்துவ நிறுவனத்தின் நிதியில், மேரிலாந்து பல்கலைக்கழகம் உயிரியல் மாணவர்களுக்கான இயற்பியலை மாற்றி எழுத ஆரம்பித்தது. அங்கே லேபில் மைக்ராஸ்கோப் வழியே நுண்துகள்களின் அசைவை வீடியோ எடுத்து அளக்கிறார்கள்.

நேற்று தங்கச்சியைக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டாள்: "இதை முதல் நாளே ஏண்ணா யாரும் சொல்லலை?"

நானும்தான் சொல்லலை.