பத்துமலைப் பக்கத்தில் ஒரு விடியற்காலை

தைப்பூசத்துக்கு நாம் ஏறும் 272 படிகளைப் பத்தி நிறைய பேசியாச்சு. அந்த மலைப் பக்கம் ஜப்பான் காலத்தில் நடந்தது பலருக்குத் தெரியாது.

1942 செப்டம்பர் 1. ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் போராடிய மலாயா மக்கள் படையின் தலைவர்கள் பத்துமலை அருகே ரகசியமாகக் கூடியிருந்தாங்க. பெரும்பாலும் சீனர்கள் இருந்த படை அது. விடியற்காலையில் ஜப்பான் ராணுவம் சுற்றி வளைச்சது. பலர் அங்கேயே உயிரை விட்டாங்க. வர வேண்டிய கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் லாய் தெக் மட்டும் வரலை. கார் பழுதாம்!

உண்மையில், சில மாதங்களுக்கு முன்பே கெம்பித்தாய் அவரைச் சிங்கப்பூரில் பிடித்துத் தன் ஆளாக்கிவிட்டது. போருக்கு முன் வெள்ளைக்காரனுக்கும் உளவு சொன்னவர்தான். தன் நாற்காலிக்குப் போட்டியா வரக்கூடியவங்களை எதிரி கையாலேயே தீர்த்துட்டார் என்றுதான் நாங்க நினைக்கிறோம். எதிர்த்துக் கேட்கும் தகுதி உள்ளவங்களில் பலர் மண்ணுக்குள்ளே. மிச்சப் பேர் கேட்க அஞ்சு வருஷம் ஆச்சு.

1947 மார்ச்சில் விசாரிக்கக் கூடினாங்க. அன்றைக்கும் ஆள் வரலை. கட்சிப் பணத்தோடு ஓட்டம். அதே வருஷம் பாங்காக்கில் கொல்லப்பட்டார். தலைமை 22 வயசு சின் பெங் கைக்குப் போச்சு.

பத்துமலையில் இறந்தவங்களுக்கு நீலாயில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கு.