ஃபியூஸ் புராணம்

செங்கோட்டைக்கு எதிரே இருக்கிற லஜ்பத் ராய் மார்க்கெட்டில் போய், ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் போடும் சின்னக் கண்ணாடி ஃபியூஸ் கேட்டால், சில்லறைக் காசுக்குக் கொடுப்பார்கள். அதே நீளம், அதே ஆம்பியர், ஆனால் 'ஆடியோஃபைல் ஃபியூஸ்' என்ற பெயரில் அழகான டப்பாவில் வருவது ஆயிரங்களில் தொடங்கி, சில பத்தாயிரங்கள் வரை போகிறது. வெள்ளிக் கம்பி, தங்க முலாம், திரவ நைட்ரஜனில் குளிர வைத்தது என்று ஏகப்பட்ட விசேஷங்கள் வேறு.

டில்லியில் குப்பை கொட்டும் நம்மவர்கள் சிலர், ஊரிலிருந்து கச்சேரி கேசட்டோடும் பழைய ஆம்ப்ளிஃபயரோடும் வந்தவர்கள், என்னிடம் கேட்ட கேள்வி இது: "இதைப் போட்டால் வயலின் தெளிவாகக் கேட்குமாமே? விலை கம்மியா ஏதாவது இருந்தா சொல்லுங்க சார்." ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் ஃபியூஸ் எதற்காகப் பிறந்தது, எப்படி வளர்ந்தது என்று பார்த்தால் பதில் தானாகவே வந்துவிடும். அதனால்தான் இந்த நீளமான பதிவு. பொறுத்தருள்க :-)

கதை மின்னலில் தொடங்குகிறது. தந்திக் கம்பியில் மின்னல் இறங்கினால், அது ஓடிவந்து தந்தி நிலையத்துக் கருவிகளைப் பொசுக்கிவிடும். பிரபலமான கடிகாரக் குடும்பத்தைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர் லூயி பிரேகே, 1847-ல் ஒரு யோசனை சொன்னார். நிலையத்துக்குள் நுழையும் இடத்தில் மட்டும் கம்பியை மெல்லியதாக்கி விடுங்கள். போவதென்றால் அது முதலில் போகட்டும். கருவி பிழைத்துக்கொள்ளும்.

அடுத்து எடிசன். வீட்டுக்குள் மின்விளக்கைக் கொண்டுவந்தவருக்கு வீடு எரிந்துவிடுமோ என்ற கவலையும் கூடவே வந்தது. 1880-ல் அவர் வாங்கிய ஒரு காப்புரிமையில், மெல்லிய கம்பி உருகி இணைப்பைத் துண்டிக்கும் என்பதோடு, உருகிய துளிகள் தரைவிரிப்பிலோ மேசை நாற்காலியிலோ விழாதபடி கம்பியை ஓர் உறைக்குள் வைக்கும் ஏற்பாடும் இருந்தது. கம்பி உருகினால் மட்டும் போதாது, அக்கம்பக்கத்துக்கு ஆபத்தில்லாமல் உருக வேண்டும் என்று ஆரம்பத்திலேயே யோசித்திருக்கிறார் மனுஷன்.

சரி, எவ்வளவு மின்சாரத்தில் உருகும்? இதற்குக் கணக்குப் போட்டவர் பிரிட்டிஷ் தபால் துறையின் தந்திப் பொறியாளர் வில்லியம் பிரீஸ். 1880-களில் அவர் கண்ட விதி இன்றும் மின்பொறியியல் புத்தகங்களில் இருக்கிறது. செம்புக் கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் ஒன்றரை மடி அடுக்கை 80-ஆல் பெருக்கினால், உருகும் ஆம்பியர் சுமாராகக் கிடைக்கும். 0.2 மி.மீ. கம்பி ஏறக்குறைய 7 ஆம்பியரில் உருகும். 0.5 மி.மீ. என்றால் 28. ஒரு மி.மீ. என்றால் 80! இந்த 80-ஐ நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறது.

1887-ல் காக்பர்ன் என்பவர், ஃபியூஸ் தன் அளவைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு மின்சாரத்தில் உருக வேண்டும் என்று வரையறுத்தார். நம் ஊர் பீங்கான் ஃபியூஸ் கேரியரில் 5 ஆம்பியருக்கு 0.2 மி.மீ., 15 ஆம்பியருக்கு 0.5 மி.மீ. கம்பி போடுவது பழைய வழக்கம். மேலே உள்ள கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கிட்டத்தட்டப் பொருந்தும்.

1890-ல் மோர்டி என்ற ஆங்கிலேயர் ஃபியூஸ் கம்பியைக் குழாய்க்குள் அடைத்து, சுற்றிலும் துகள்களை நிரப்பினார். கம்பி உருகியதும் அந்த இடைவெளியில் தீப்பொறி தாவி மின்சாரத்தைத் தொடர்ந்து கடத்தப் பார்க்கும். மணல் நிரம்பியிருந்தால் சூட்டை உறிஞ்சி, தானும் உருகி, கண்ணாடிபோல் இறுகி, பொறியை அணைத்துவிடும். நம் ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் குட்டி ஃபியூஸின் வம்சத்துக்கு ஒரு மூதாதையர் சிகாகோவில் இருக்கிறார். மீட்டர்கள் எரிந்துபோகாமல் காக்க, வேகமாக உருகும் சிறிய ஃபியூஸ் செய்து, 1927-ல் லிட்டல்ஃபியூஸ் நிறுவனத்தைத் தொடங்கிய எட்வர்ட் சண்ட்.

இனி பிரிட்டன். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே, போருக்குப் பின் கட்டப்போகும் வீடுகளுக்கான மின்னமைப்பை ஒரு குழு ஆராய்ந்தது. அதிலிருந்த ஒரே பெண் கரோலின் ஹாஸ்லெட். செம்பு பற்றாக்குறை. அதனால் பல பிளக் பாயிண்டுகளை ஒரே வளையக் கம்பியில் கோத்து, 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைப் போட்டார்கள். ஆனால் மேசை விளக்கின் மெல்லிய வயருக்கு 30 ஆம்பியர் எமன் அல்லவா? எனவே ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் தனி ஃபியூஸ் வந்தது. இதுதான் 1947-ல் வெளியான பி.எஸ். 1363 தரம். அங்குள்ள இசைப் பிரியர்கள் 'பிளக் ஃபியூஸை மாற்று' என்று ஏன் பேசுகிறார்கள் என்று இப்போது புரியும். நாம் பிடித்துக்கொண்டது அதற்கு முந்தைய உருண்டைக் கால் பிளக்கை. அதில் ஃபியூஸ் கிடையாது. ஆகவே நமக்கு மாற்ற இருப்பது ஆம்ப்ளிஃபயருக்குள் இருப்பது மட்டும்தான்.

இத்தனை வருஷக் கதையில் ஒன்றைக் கவனித்தீர்களா? ஃபியூஸில் நடந்த முன்னேற்றம் எல்லாமே அது எப்படிச் சாகிறது என்பதில்தான். எப்போது உருக வேண்டும், எவ்வளவு வேகமாக, எவ்வளவு பாதுகாப்பாக என்பதே கேள்வி. உயிரோடிருக்கும்போது அதற்குப் பெரிய வேலை இல்லை, சும்மா வழிவிட்டால் போதும்.

அந்த வழிவிடுதலில் வித்தியாசம் இருக்காதா என்றால், கணக்கைப் பாருங்கள். சுவருக்குள் ஓடும் 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு 12.1 ஓம். மெயின் போர்டிலிருந்து பத்து மீட்டர் தள்ளி உங்கள் ஹால் இருந்தால், போகவர 20 மீட்டர், 0.24 ஓம். 3 ஆம்பியர் ஃபியூஸின் மின்தடையோ ஓர் ஓமில் நூறில் சில பங்குதான். அதையும் தாண்டி டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபயர், கெபாசிட்டர் என்று மூன்று வாசல் கடந்த பிறகுதான் வயலின். சில ஃபியூஸ்களில் 'இந்தப் பக்கமாகப் போடவும்' என்று அம்புக்குறி வேறு. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு தடவை திசை மாறுகிறதே, அம்பு எந்தப் பக்கம் பார்த்தால் என்ன?

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. ஸ்பீக்கருக்குப் போகும் பாதையிலேயே ஃபியூஸ் இருந்தால், பெரிய பாஸ் ஒலிகளில் கம்பி சூடாகி ஆறும்போது தடை மாறி, கருவியில் அளக்கக்கூடிய சிதைவு வரும். அதற்குப் பொறியாளர்கள் கண்ட தீர்வு தங்க முலாம் அல்ல. பல ஆம்ப்ளிஃபயர்களில் அந்த ஃபியூஸை எடுத்துவிட்டு ரிலே வைத்துவிட்டார்கள்.

அப்படியானால் மலிவான, உண்மையான மேம்பாடு எது? ஃபியூஸின் மூடியில் உள்ள எழுத்துகளைப் படியுங்கள். 'டி' என்றால் ஜெர்மன் மொழியில் மந்தம் என்ற சொல்லின் முதலெழுத்து. 'எஃப்' என்றால் வேகம். ஆன் செய்த கணத்தில் டிரான்ஸ்ஃபார்மர் நிறைய இழுக்கும் என்பதால் பல ஆம்ப்ளிஃபயர்களுக்கு 'டி' வகை. அந்த இடத்தில் 'எஃப்' போட்டால் காரணமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். 'எல்' வகைக் கண்ணாடிக் குழாய் 35 ஆம்பியர் அல்லது தன் அளவைப்போல் பத்து மடங்கு, இதில் எது அதிகமோ அதுவரை பத்திரமாகத் துண்டிக்கும். மணல் நிரப்பிய 'எச்' வகைப் பீங்கான் 1500 ஆம்பியர் வரை. ஆகவே அதே நீளம், அதே ஆம்பியர், அதே வேகம், 250 வோல்ட், தர முத்திரை உள்ள பீங்கான் ஃபியூஸ் ஒன்று வாங்குங்கள். கையேட்டில் 'எச்' போட்டிருந்தால் 'எல்'லுக்கு இறங்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிவிட்டு, ஃபியூஸைப் பிடிக்கும் கிளிப்பில் கருப்பு படிந்திருந்தால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஒரு வேளை சாப்பாட்டுக் காசுகூட ஆகாது. மிச்சப் பணத்தில் மார்கழி சீசனுக்கு ரயில் டிக்கெட் எடுக்கலாம்.

கரோல் பாகில் ஒரு வாடகை வீட்டில், ஆம்ப்ளிஃபயர் ஃபியூஸின் மேல் சிகரெட் பெட்டியின் ஈயத்தாள் சுற்றியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். "அடிக்கடி போகுது சார்" என்றார் வீட்டுக்காரர். போவது அதன் வேலை. எதற்காகப் போகிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை.

இப்போது அந்த 80-க்கு வருவோம். ஊரில் அப்பா அம்மா தனியாக இருக்கும் பழைய வீடுகளில், பீங்கான் கேரியரில் கையில் கிடைத்த வயரை உரித்து ஒரு மி.மீ. கம்பியை முறுக்கி வைத்திருப்பது சர்வ சாதாரணம். அது உருக 80 ஆம்பியர் வேண்டும். சுவருக்குள் இருக்கும் வயரின் பி.வி.சி. உறை தாங்குவதோ 70 டிகிரி வரைதான். ஃபியூஸ் உருகுவதற்கு வெகு முன்பே வீடு தீப்பிடிக்கும். பொங்கலுக்குப் போகும்போது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மெயினை அணைத்து, அந்தக் கேரியரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் எம்.சி.பி. போட்டுவிட்டு வாருங்கள்.