லயமும் கம்பளியும்

இசை நூலார் லயம் என்னுஞ் சொல்லாற் பாட்டின் காலப் போக்கைக் குறிப்பர். சுருதியைத் தாய் என்றும் லயத்தைத் தந்தை என்றும் போற்றுவது இசையரங்குகளில் நெடுநாள் வழக்கு. அச்சொல்லே மலையக மக்களின் நாவில் வேறொரு பொருளையும் பெற்றது. தோட்டத் துரைமார் தொழிலாளருக்கென வரிசையாகக் கட்டுவித்த அறைகளுக்கு லைன் என்று பெயரிட்டனர். தமிழர் அதனை லயன் என்றும் லயம் என்றும் வழங்கினர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஓர் அறை, அதன் முன்னே ஓர் இஸ்தோப்பு, அடுப்பும் படுக்கையும் அவற்றுக்குள்ளேயே. லிந்துலைப் பகுதியில் இசை பயின்றவனுக்குக் கல்லூரியும் அரங்கும் அதுவே. லயத்திற் பிறந்தவன் லயத்திலேயே லயம் பயின்றான்.

அவன் என்ன உடுத்தான், எந்நேரத்திற் பயின்றான், அவனுக்குக் கற்பித்தவர் யார் என்பவற்றை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் எழுதிவைக்கவில்லை. தேயிலையின் இறாத்தலுக்குக் கணக்கு உண்டு. பாட்டுக்குக் கணக்கு இல்லை. எனினும், மழையும் வாடையும் கூடிவரும் ஐப்பசி கார்த்திகை மாதங்களை எடுத்துக்கொண்டு நோக்கினால், அவனுடைய வாழ்வின் பெரும்பகுதி புலனாகும்.

மேலைநாட்டார் அப்பருவத்தை இலையுதிர் காலம் என்பர். லிந்துலையில் இலை உதிர்வதில்லை. தேயிலை ஆண்டு முழுதும் பச்சை. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 4,000 அடியும் அதற்கு மேலும் உயர்ந்த அம்மலைகளில், வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்று பெய்து தீர்த்தபின், ஐப்பசியில் வேறுவகை மழை தொடங்கும். காலையில் வெயில் முகங்காட்டும். பிற்பகலில் இடி முழங்கும். மாலைக்குள் மலைமுகடுகள் மஞ்சில் மறையும். தமிழ் இலக்கணம் இப்பருவத்துக்குத் தந்த பெயர் கூதிர். ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என வகுத்த பழந்தமிழர், அப்பருவத்துக் குளிரை இசையோடு சேர்த்தே எண்ணிப் பார்த்தனர்.

பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடை இதற்குச் சான்று. நக்கீரர் பாடிய அப்பாட்டில், மழைக்கு மேட்டுநிலம் தேடிப்போன கோவலர் கையிற் கொள்ளி ஏந்தியும் கன்னம் நடுங்க நிற்கின்றனர். நகரத்து மாளிகைகளிலோ விசிறிகள் தொங்கவிடப்பட்டுக் கிடக்கின்றன; சந்தனம் அரைக்கும் கல் வேலையற்றுக் கிடக்கிறது; முதியோரும் இளையோரும் தீச்சட்டியின் வெம்மையை நாடுகின்றனர். அவ்விடத்தே புலவர் இசைவாணரையும் மறந்தாரில்லை. குளிரினால் யாழின் நரம்பு தன் இனிய குரலில் திரிந்துபோக, ஆடல் மகளிர் அதனைத் தம் மார்பின் வெம்மையால் தடவிச் சூடேற்றிப் பண் நிறுத்துகின்றனர். இசைக்கருவியும் குளிரை உணரும். மனிதரின் வெம்மையைக் கடன் வாங்கியே அது பாடும். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய இக்காட்சியே லிந்துலையின் லயத்து முற்றத்தில் வேறு உருவில் நிகழ்ந்தது. அங்கே யாழ் இல்லை, தப்பு இருந்தது. மாளிகை மகளிரின் இடத்திலே கம்பளி போர்த்த தொழிலாளி இருந்தான்.

அக்கம்பளியின் வரலாறு தனியே சொல்லத்தக்கது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்தின் வெப்பமான சமவெளிகளிலிருந்து வந்தோர் மலைக்குளிரை முன்பின் அறியாதவர். இடுப்பில் ஒரு துணியும் தோளில் ஒரு துண்டும் அவர்கள் கொண்டுவந்த உடை. தோட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்த முதற் பொருள்களுள் ஒன்று கரடுமுரடான கறுத்த கம்பளி. துரைமார் அத்தமிழ்ச் சொல்லையே சற்றுத் திரித்துத் தம் ஆங்கிலக் கணக்கேடுகளிலும் எழுதினர். ஆனால் அது கொடையன்று. அதன் விலை தொழிலாளியின் பெயரில் பற்றெழுதப்பட்டது. வழிச்செலவும் அரிசியும் கம்பளியும் சேர்ந்து, மண்வெட்டியைத் தொடுமுன்னரே அவன் கடனாளியானான். அக்கடனைத் துண்டு என்னும் சீட்டிற் குறித்து, ஒரு தோட்டம் மற்றொரு தோட்டத்துக்கு ஆட்களை மாற்றும் முறை 1921ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தோளில் கிடந்த போர்வை கணக்கேட்டில் விலங்காகக் கிடந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

அப்போர்வை இல்லாமலும் வாழ முடியாது. இரவில் அதுவே படுக்கை. மழையில் அதனை மூலையாக மடித்துத் தலையிற் கொங்காணியாக இட்டால் நீர் முதுகில் வழிந்தோடும். தாய் கொழுந்தெடுக்கப் போகையில் பிள்ளையைச் சுற்றிவைப்பதும் அதனாலேதான். பெண்கள் சேலையை முழங்காலுக்குச் சற்றுக் கீழே தூக்கிச் செருகி, தேயிலைச் செடியின் ஈரமும் கிளைகளின் கீறலும் படாதிருக்க இடுப்பிற் படங்கு கட்டினர். முதலிற் சாக்கே படங்காயிற்று. பின்னர் இறப்பர் துணியும் பிளாஸ்திக்குத் தாளும் வந்தன. முதுகிற் கூடை, அதன் கயிறு நெற்றியில். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டித் தலைப்பாகை அணிந்தனர். கங்காணியின் அடையாளம் கறுப்புக் கோட்டு. லயத்திற் கோட்டு அணிந்தவன் பாடுவதைக் காட்டிலும் பாட்டில் ஏசப்படுவதே மிகுதி.

இந்த உடையோடுதான் இசையும் பயிலப்பட்டது. இசைமாணவனுக்கெனத் தனியுடை அங்கே இல்லை. தனி நேரமும் இல்லை. இவ்விடத்தே ஒப்புநோக்குதல் தகும். 1929இல் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி நிறுவினார். அதற்கு முன்னர்க் குருகுலத்திலும், பின்னர்க் கல்லூரியிலும், கருநாடக இசை பயில்வோருக்கு விடியற்காலமே உயர்ந்த காலம். குளிர்ந்த வைகறையில் எழுந்து அகார சாதகம் செய்தால் சாரீரம் பதப்படும் என்பது ஆசிரியர் கொள்கை. லிந்துலையிலும் வைகறையில் ஓசை எழுந்தது. அது தப்பின் ஓசை. இருள் பிரியுமுன் லயங்களின் அருகே தப்படித்துத் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக்கு அழைப்பது பழைய தோட்ட முறை. பிரட்டுக்களத்திற் பெயர் கொடாதவனுக்கு அன்றைய சம்பளம் இல்லை. ஆகவே ஓரிடத்தில் இசை பயில்வதற்கு உரிய பொழுது, மற்றோரிடத்தில் இசைக்கருவியே மனிதனை வேலைக்கு விரட்டும் பொழுதாயிற்று. தப்படிப்பவனும் தொழிலாளியே. ஊரை எழுப்ப அவன் ஊருக்கு முன்னே எழுந்தான்; ஐப்பசிக் குளிரில் முதலில் நனைந்ததும் அவனுடைய கம்பளியே.

பயிலும் பொழுது இரவுதான். பகலிற் கொழுந்து மலையிற் பெண்கள் பாடியதும் உண்டு. நிரையில் நிற்கும் ஒருத்தி எடுத்துக்கொடுக்க அடுத்த நிரையிலிருந்து மறுமொழி வரும். கங்காணி கேட்கும் தூரத்தில் ஒருவகைப் பாட்டு, கேளாத தூரத்தில் வேறுவகைப் பாட்டு. இளம்பெண்ணுக்குத் தாயும் பாட்டியுமே ஆசிரியர்கள். தாலாட்டைத் தொட்டிலருகிலும், ஒப்பாரியைச் சாவீட்டிலும், கும்மியைக் கோயில் முற்றத்திலும் அவள் கற்றாள். எழுத்து வேண்டாத கல்வி அது. அதன் ஞாபகசக்தி வியக்கத்தக்கது. கோப்பிச் செடிகளை இலைநோய் 1869 முதல் அழிக்கத் தொடங்கி, அடுத்த இருபதாண்டுகளில் அவ்விடமெல்லாம் தேயிலையாயிற்று. கோப்பியைக் கண்ணாற் காணாத பேத்தியின் பாட்டில் கோப்பித் தோட்டம் நிலைத்து நின்றது.

தப்புப் பயிற்சி ஆண்களுடையது. மரச்சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டிய அக்கருவியை, ஒரு கையிற் குட்டையான தடித்த குச்சியும் மறுகையில் நீண்ட மெல்லிய குச்சியும் கொண்டு அடிப்பர். திருவிழாவுக்கு ஓர் அடி, சாவுக்கு வேறோர் அடி, பிரட்டுக்கு இன்னோர் அடி. தகப்பன் வாயாற் சொற்கட்டைச் சொல்ல, மகன் தொடையிலும் தகரத்திலும் தட்டிப் பழகுவான். கூதிர்க்காலத்தில் இதற்கொரு பெருந்தடை உண்டு. மஞ்சின் ஈரத்தில் தோல் தளர்ந்து ஒலி மந்தமாகும். எனவே முற்றத்தில் தீ மூட்ட வேண்டும். கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறும் காய்ந்த புல்லுமே எரிபொருள். தப்பைத் தீயின்மேற் பிடித்துச் சுழற்ற, தோல் இறுகும். விரலாற் சுண்டிப் பார்த்து, கணீர் என்றதும் எடுப்பர். சற்று நேரம் அடித்தால் மீண்டும் தளரும். மீண்டும் தீக்குப் போக வேண்டும். அவ்விடைவேளைகளிலே பாடம் நடந்தது. கம்பளி போர்த்த சிறுவர் தீயைச் சுற்றி அமர்ந்திருப்பர். மாசி மாதத்துக் காமன் கூத்துக்கும், பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துக்களுக்கும் வேண்டிய பாட்டுக்கள் அவர்கள் செவியில் ஏறும்.

இங்கே ஒரு கசப்பான செய்தியை மறைத்தல் முறையன்று. அத்தீயைச் சுற்றி எல்லாரும் சமமாக அமரவில்லை. தப்படித்தல் ஒரு குலத்தார்க்கே உரிய கடமை எனச் சமூகம் விதித்திருந்தது. கூத்தில் ஆடுவோரைப் புகழ்ந்தவர்கள், ஆட்டத்துக்கு உயிரூட்டிய தப்புக்காரனைத் தள்ளியே வைத்தனர். கல்வி பெற்ற இளைஞர் சிலர் பின்னாளில் அக்கருவியைத் தொட மறுத்ததற்குக் காரணம் இசைமேல் வெறுப்பன்று. அதனோடு ஒட்டிய இழிவின்மேல் வெறுப்பு. அவர்களைக் குறைகூறுவது எளிது. நியாயமோ அவர்கள் பக்கமே. அண்மைக் காலத்தில் மலையகப் பெண்களும் தப்பை ஏந்தி மேடையேறுகின்றனர். விருப்பத்தால் அடிக்கும் தப்புக்கும் விதித்து அடிக்கவைத்த தப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் காது அறியாவிடினும் கை அறியும்.

ஐப்பசியில் ஒரு நாள் மட்டும் உடை மாறும். தீபாவளி மலையகத்தின் பெருநாள். தோட்டம் முற்பணம் கொடுக்கும். பின்னர் மாதந்தோறும் சம்பளத்தில் வெட்டிக்கொள்ளும். அப்பணத்தோடு தலவாக்கலைக் கடைவீதிக்கு இறங்கினால், பிள்ளைகளுக்குச் சட்டையும் பாவாடையும், பெண்களுக்குச் சேலையும் வாங்கலாம். ஆண்டு முழுதும் கட்டுவதற்குக் கிடைத்த புத்தாடை பலருக்கு அதுவே. மாரியம்மன் கோயிற் பஜனையில் அன்று புதுச்சட்டையோடு தாளம் போடும் சிறுவன் மறுநாட் காலையில் பழைய கம்பளிக்குத் திரும்புவான்.

இவ்விசை லயத்தை விட்டு மேடைக்கு வந்ததும் வரலாற்றின் ஒரு பகுதி. தஞ்சையிலிருந்து வந்து தேசபக்தன் பத்திரிகையை நடத்திய கோ. நடேசய்யர், 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் அமைத்தார். அவர்தம் மனைவியார் மீனாட்சியம்மையார் கூட்டங்களிற் பாரதியின் பாடல்களைப் பாடினார். தாமும் பாட்டுக் கட்டினார். அவருடைய பாடல்கள் 1940இல் நூலாக வெளிவந்தன. எழுத்தறியாத கூட்டத்துக்குத் துண்டுப்பிரசுரம் பயன்படாது. பாட்டுப் பயன்படும் என்பதை அவ்வம்மையார் நன்கறிந்தார். 1941இல் அண்ணாமலை நகரிற் கூடிய அறிஞர், இசையரங்குகளிலே தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்று வாதிட்டனர். லிந்துலையின் லயங்களில் அவ்வாதத்துக்குத் தேவையே எழவில்லை. அங்கே பாடப்பட்டதெல்லாம் தமிழ்தானே!

வட்டக்கொடையை அடுத்த மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். தேயிலைத் தோட்ட வாழ்வை ஆங்கிலத்திற் கவிதையாக வடித்த அவர், தொழிலாளர் வாயிற் கேட்ட பாட்டுக்களையும் திரட்டினார். மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்னும் அத்தொகுதி 1983இல் அச்சேறியது. அவர் செய்திராவிட்டால் அவற்றுட் பல பாட்டியரோடு போயிருக்கும். 1949இல் இலங்கை வானொலி என்னும் பெயர்பெற்ற நிலையத்தின் தமிழ்ச் சேவை, லயத்து மாணவனுக்கு வேறோர் ஆசிரியரைத் தந்தது. சினிமாப் பாட்டின் மெட்டு ஒருமுறை கேட்டாற் போதும். அடுத்த வாரம் அது கொழுந்து மலையிற் புதுச்சொல்லோடு ஒலிக்கும். இதனால் பழம்பாட்டுக் கெட்டது என்போர் உளர். பழம்பாட்டும் ஒருகாலத்தில் அவ்வாறே இரவல் மெட்டிற் பிறந்ததென்பதை அவர்கள் நினைப்பதில்லை.

வேலுப்பிள்ளை பாராளுமன்றஞ் சென்ற மறு ஆண்டிலேயே, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவரைத் தெரிந்தெடுத்த மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. பின்னர், ஓர் ஐப்பசி மாதத்தில், 1964 ஒக்டோபர் 30ஆம் நாள், சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டனர். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கீடு நடந்தது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் 1974இற் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தமையன் ஒரு பட்டியலிலும் தம்பி மறுபட்டியலிலும் நின்ற குடும்பங்கள் உண்டு. ஒருவன் தப்பும் ஒருவன் பாட்டுமாகப் பழகிய கூத்துக் குழுக்கள் பிரிந்தன. தலவாக்கலை, அற்றன் புகையிரத நிலையங்களில் தலைமன்னாருக்குப் புறப்பட்டோரைச் சூழ்ந்து எழுந்த அழுகை, ஒப்பாரியாகவே எழுந்தது. சாவீட்டிற் பயின்ற பாட்டு உயிரோடு பிரிவோருக்கும் வேண்டியதாயிற்று. 1984இற் கப்பற்சேவை நின்றது. இலங்கையில் எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேதான் தீர்ந்தது.

சென்றோரிற் பலருக்குத் தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் மீண்டும் லயம், மீண்டும் கொழுந்து, மீண்டும் ஐப்பசி மழை. மூட்டையிற் கட்டிக்கொண்டு போன கம்பளி, கரையிறங்கிய வெப்பநாட்டில் ஒருவருக்கும் வேண்டாத சுமையாக இருந்தது. மலையேறியதும் அது கொங்காணியாகி மறுபடியும் தலைக்கு வந்தது.