தீர்த்தமும் துறையும்

கோயிலில ஐயர் கையில ஊத்துற தண்ணியை நாங்கள் தீர்த்தம் எண்டுதான் சொல்லுறம். தேருக்கு மறுநாள் வாறதும் தீர்த்தம். ஆனால் அந்த வடசொல்லின் பழைய பொருள் நீர் அல்ல. ஆற்றில் இறங்கிக் கடக்கும் இடம். சமணரின் தீர்த்தங்கரரும் பிறவியைக் கடக்க வழி செய்தவர்தான். தமிழில் இதற்கு நேரான சொல் துறை. காங்கேசன்துறை, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை எண்டு தினமும் எங்கட வாயில வாற சொல்.

மாவிட்டபுரம் கந்தன் ஆடி அமாவாசையில் தீர்த்தமாடப் போவது கீரிமலைக்கு. மாருதப்புரவீகவல்லிக்குக் குதிரைமுகம் நீங்கியதும் அந்த நீரில்தான் என்பது ஐதீகம். பிணி தீர்ந்தபடியால் தீர்த்தம் எண்டும் விளக்கம் சொல்லுவினம். சொல்லாராய்ச்சிக்கு அது நிற்காது, எனக்கென்னவோ பிடிக்கும்.

ஆனால் கடக்கிற இடத்தில் ஆர் இறங்கலாம்? சாதி காட்டிக் கோயிலில் மறிப்பது 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். அதற்குப் பிறகும், 1968இல், அதே மாவிட்டபுரத்து வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே போகப் போராட வேண்டியிருந்தது. மறித்தவர்களுக்கு முன்னின்றவர் சி. சுந்தரலிங்கம்: கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர். அவர் மீது வழக்குத் தொடுத்தது காங்கேசன்துறைப் பொலிஸ்.